விஞ்ஞான மேதை சத்தியேந்திரநாத போஸ்

தூத்துக்குடிக் கடற்கரையில் வாழ்வோர்க்கு முத்தின் பெருமையை எடுத்துரைத்தல் மிகையாகும். கொற்கைத் துறை மணலால் தூர்ந்தது. அதன்பின் காயல் சிறந்தது. காயலும் மெலிந்த காலத்தே தூத்துக்குடி தலையெடுத்தது. ஆயினும் இம்மூன்று துறைகட்கும் உயிராய் நின்றவை மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களே. அரசாங்கத்தார் நடத்திவந்த முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும், அதில் மூழ்கினோரின் பேரரும் பேத்தியரும் இன்றும் நம்மோடு ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர். அவர்தம் இல்லங்களில் சலாபத்தின் கதைகள் இன்னும் வழங்குகின்றன.

அக்கதைகளுள் ஒன்று முத்துக்களைத் தரம் பிரித்தலைப் பற்றியது. சிப்பிகள் அழுகிக் கழுவப்பட்டு முத்துக்கள் வெளிப்பட்ட பின்னர், பெரிதும் சிறிதுமான துளைகளையுடைய பித்தளைச் சல்லடைகளில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சலிப்பர். அளவால் ஒத்தவை ஒன்றுசேரும். பின்னர் உருட்சி, ஒளி, நிறம் என்பவற்றால் மீண்டும் பிரிப்பர். எத்துணை பிரித்தாலும் கைதேர்ந்த வணிகன் ஒரு முத்தை மற்றொன்றினின்றும் வேறாகக் காண்பான். முற்றிலும் ஒத்த இரண்டு முத்துக்கள் அவன் கைக்கு வந்ததேயில்லை.

அவ்வாறாயின், எவ்வகைச் சோதனையாலும் வேற்றுமை காணவியலாதபடி ஒத்த இரண்டு பொருள்கள் உலகத்தில் உளவோ? உளவெனின், அவற்றை எண்ணுவது எங்ஙனம்? சிறுபிள்ளையின் வினாப்போல் தோன்றும் இதனுள்ளே இயற்கையின் ஆழ்ந்த மறைபொருள் ஒன்று அடங்கிக் கிடந்தது. அதனை 1924-ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தவர் நம் பாரத நாட்டினர், வங்கத்துத் தவப்புதல்வர், முப்பது வயதே நிரம்பிய ஆசிரியர். அவர்தாம் சத்தியேந்திரநாத போஸ். தமிழ் பயிலும் எமக்குப் பௌதிகப் பேராசிரியர் ஒருவரின் வரலாறு எற்றுக்கு என அன்பர்கள் வினவக்கூடும். அதற்கு விடை இக்கட்டுரையின் இறுதியில் தானே விளங்கும்.

இளமை

சத்தியேந்திரர் 1894-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். தந்தையார் சுரேந்திரநாதர் இருப்புப்பாதைக் கம்பெனியின் பொறியியற் பகுதியில் அலுவல் பார்த்தவர். அன்னையார் ஆமோதினி தேவியார். எழுவர் மக்களுள் இவரே மூத்தவர். ஏனைய அறுவரும் பெண்மக்கள். தந்தையார் வெளியே செல்லும்போது வீட்டுத் தரையில் கணக்குகளை எழுதிவைத்துச் செல்வராம். அவர் திரும்பி வருமுன் சிறுவர் அவற்றையெல்லாம் போட்டு முடித்திருப்பராம். இளமையிலேயே கண்பார்வை குன்றியிருந்தும் நூல்களை இடையறாது பயின்றார்.

ஹிந்து பள்ளியில் பயின்றபோது கணித ஆசிரியர் ஒருவர் இவருக்கு நூற்றுக்கு நூற்றுப்பத்து மதிப்பெண் இட்டனர் என்றொரு செய்தி வழங்குகின்றது. வினாக்கள் அனைத்திற்கும் விடை எழுதியதோடு அமையாது, சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் இம்மாணவர் செய்து காட்டினாராம். 1909-ஆம் ஆண்டுப் பிரவேசப் பரீட்சையில் ஐந்தாம் இடம் பெற்றுப் பிரஸிடென்ஸி கலாசாலை புகுந்தார். ஆங்கே ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பெரியோர் ஆசிரியராய் வாய்த்தனர். உடன் பயின்றோருள் மேகநாத சாஹா தலையாயவர். கணிதத்தில் 1913-ஆம் ஆண்டு பி.எஸ்ஸி. பட்டத்திலும், 1915-ஆம் ஆண்டு எம்.எஸ்ஸி. பட்டத்திலும் சத்தியேந்திரர் முதல்வராகவும் சாஹா இரண்டாமவராகவும் தேறினர். முதலும் இரண்டும் ஆன இவ்விருவரிடையே அழுக்காறு என்பது தலைகாட்டவேயில்லை. வாழ்நாள் முழுவதும் நண்பராகவே விளங்கினர். பரீட்சை முடிவு வந்தவுடன் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது செல்லும் நம்மனோர்க்கு இது நல்லதொரு பாடமன்றோ!

மாணவராயிருந்த காலத்திலேயே, 1914-ஆம் ஆண்டில், உஷாவதி அம்மையாரை மணந்தார்.

பிறமொழிக் கருவூலம்

அக்காலத்தில் ஐரோப்பாவிலே பௌதிக சாஸ்திரம் புத்துருப் பெற்றுக்கொண்டிருந்தது. ஆயின் அப்புதுமை கல்கத்தாவின் பாடநூல்களை எட்டவில்லை. சர் ஆசுதோஷ் முகர்ஜியார் புதிதாய் அமைத்த விஞ்ஞானக் கலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்த போஸும் சாஹாவும் தாமே பயின்று தாமே கற்பிக்க வேண்டியவராயினர். போருக்காலமாதலின் மேல்நாட்டு நூல்கள் வருவதும் அரிதாயிற்று. சிபுபூர்ப் பொறியியற் கலாசாலையில் புரூல் என்னும் பெயருடைய ஆசிரியர் ஒருவர் ஜெர்மன் நூல்கள் பலவற்றை வைத்திருந்தனர். நண்பரிருவரும் அவற்றை இரவல் பெற்றனர். அவற்றைப் பயிலும் பொருட்டே ஜெர்மன் மொழியையும் கற்றனர்.

இம்முயற்சியின் கனியாக, ஐன்ஸ்டீன், மின்கௌஸ்கி ஆகியோரின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை இவ்விருவரும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். கல்கத்தா சர்வகலாசாலையார் அந்நூலை 1920-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஜெர்மன் மொழியில் எழுந்த அரிய கருத்து ஆங்கிலத்தில் நூலுருப் பெறுவதற்கு வங்கத்து இளைஞர் இருவர் முற்பட்டனர் என்பது எண்ணியெண்ணி மகிழத்தக்கது. மொழிபெயர்ப்பென்பது அறிவிற் சிறியோர் தொழிலென்று கருதுவோர் இதனை உளங்கொள்வாராக.

டாக்கா நகரில்

1921-ஆம் ஆண்டில் டாக்கா சர்வகலாசாலை தோன்றியது. போஸ் அவர்கள் ரீடர் பதவியேற்று அங்குச் சென்றனர். வகுப்பில் மாணவர்க்குப் பிளாங்கின் விதியைக் கற்பிக்க வேண்டியிருந்தது. அவ்விதி யாதென அறிந்தால்தான் இவர்தம் அருஞ்செயல் விளங்கும். ஆதலின் அதனைச் சிறிது கூறுவோம்.

கொல்லன் உலையிலிட்ட இரும்பு முதலிற் சிவக்கின்றது; பின்னர் மஞ்சளிக்கின்றது; மேலும் காய்ந்தால் வெண்ணிறமாய் ஒளிர்கின்றது. வெப்பத்திற்கேற்ப எந்நிற ஒளி எத்துணை அளவு வெளிப்படும் என்னும் கணக்கினை 1900-ஆம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் பிளாங்க் கண்டனர். ஆற்றல் நீரொழுக்குப்போல் தொடர்ச்சியாய் வாராது, தனித்தனிக் கூறுகளாகவே கொள்ளவும் கொடுக்கவும் படும் எனக் கொண்டால்தான் கணக்கு ஒத்துவந்தது. 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் ஒளியே அத்தகைய துகள்களால் ஆயது எனக் கூறினர். ஆயினும் பிளாங்கின் விதியை நிறுவுவோர் ஒரு பாதிக்குப் பழைய அலைக் கொள்கையையும் மறு பாதிக்குப் புதிய துகட் கொள்கையையும் கையாண்டு வந்தனர். பழைய வஸ்திரத்தில் கோடித் துணியை இணைத்தாற்போன்ற இவ்வொட்டு வேலை போஸ் அவர்களின் உள்ளத்துக்கு ஒவ்வவில்லை. தாம் நம்பாத ஒன்றை மாணவர்க்கு எங்ஙனம் கற்பிப்பது என்னும் கவலையே அவரை ஆராய்ச்சியிற் செலுத்தியது.

அவர் செய்தது யாது? ஒளித்துகள்களை எண்ணும் முறையையே மாற்றினார். இதனை நம் முத்துக்களைக்கொண்டே விளக்குவோம். இரண்டு முத்துக்கள், இரண்டு செப்புக்கள் உள்ளன என்க. முத்துக்களுள் ஒன்றன்மேல் ஓர் அடையாளம் இருப்பின், அவற்றைச் செப்புக்களில் இடும் வகைகள் நான்கு: இரண்டும் வலச் செப்பில், இரண்டும் இடச் செப்பில், அடையாளமுள்ளது வலத்தும் மற்றது இடத்தும், அடையாளமுள்ளது இடத்தும் மற்றது வலத்தும். இவற்றுள் இரண்டும் ஒரே செப்பில் சேர்ந்திருக்கும் வகை இரண்டு, அஃதாவது பாதி. இனி முத்துக்கள் எவ்வாற்றானும் வேறுபாடற்றன எனின், பின்னிரண்டு வகைகளும் ஒன்றேயாம். ஆகவே வகைகள் மூன்று. அவற்றுள் சேர்ந்திருப்பன இரண்டு. பாதியாயிருந்தது மூன்றில் இரண்டாயிற்று. வேற்றுமையற்ற பொருள்கள் ஒன்றுகூடி வாழ்தலையே மிகுதியும் விழைகின்றன என்பது இவ்வெளிய கணக்கினின்றே போதரும்.

ஒளித்துகள்களை இவ்வாறு வேற்றுமையற்றனவாகக் கொண்டு எண்ணியபோது, பிளாங்கின் விதி ஒட்டின்றிக் குறையின்றித் தானே வெளிப்பட்டது. அலைக் கொள்கையின் துணை சிறிதும் வேண்டப்படவில்லை. தாம் செய்தது புத்தம் புதியது என்பதைத் தாமே அப்பொழுது முற்றும் உணரவில்லை எனப் பிற்காலத்தில் அவர் ஒளியாது ஒப்புக்கொண்டனர். பெரியோரின் பெருமை இத்தகைய உண்மையுரையிலன்றோ விளங்குகின்றது!

ஐன்ஸ்டீனுக்கு ஒரு கடிதம்

நான்கு பக்கங்களே கொண்ட அக்கட்டுரையை இங்கிலாந்தின் விஞ்ஞானப் பத்திரிகையொன்றிற்கு அவர் அனுப்பினார். அஃது அங்கே வெளியிடப்படவில்லை. நம்மிற் பலர் அவ்வளவில் மனமொடிந்து கட்டுரையைப் பெட்டியில் இட்டுப் பூட்டியிருப்போம். போஸ் அவ்வாறு செய்தாரல்லர். 1924-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் அதனை ஐன்ஸ்டீனுக்கே அனுப்பி, தகுதியுடையதாயின் ஜெர்மன் பத்திரிகையொன்றில் வெளிவரச் செய்யுமாறும், தமக்கு அம்மொழியில் எழுதும் பயிற்சி போதாதென்றும் கடிதம் வரைந்தார். முன்பின் கண்டறியாத இளைஞர் ஒருவர் உலகம் புகழும் அறிஞரிடம் அங்ஙனம் எழுதத் துணிந்தது வியப்பே. அவ்வறிஞர் அக்கட்டுரையைத் தம் கையாலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, சிறந்த முன்னேற்றம் இஃதெனத் தம் குறிப்பையும் சேர்த்து வெளியிட்டது அதனினும் வியப்பு. சான்றோரைச் சான்றோரே அறிவர்.

ஐன்ஸ்டீன் அத்துடன் நின்றாரல்லர். ஒளித்துகள்கட்குப் போஸ் கண்ட முறையை வாயுக்களின் அணுக்கட்கும் பொருத்தினார். அதன் பயனாக 1925-ஆம் ஆண்டில் ஒரு விந்தையை முன்னறிவித்தார். வாயுவை மிக மிகக் குளிரச் செய்தால், ஒரு நிலையில் அணுக்களிற் பல ஒன்றாய்த் திரண்டு ஒரே நிலையை எய்தும் என்பதே அவ்விந்தை. போஸ்-ஐன்ஸ்டீன் திரட்சி என இன்று உலகம் வழங்குவது இதுவே.

ஐன்ஸ்டீனிடமிருந்து வந்த தபாலட்டையொன்று டாக்கா சர்வகலாசாலையாரின் மனத்தை இளக்கியது. இரண்டாண்டு விடுமுறை கிடைத்தது. போஸ் முதலிற் பாரிஸ் மாநகர் சென்றார். அங்கே மேரி கியூரி அம்மையாரைக் கண்டு அவர்தம் ஆய்வகத்தில் பணிபுரிய விரும்பினார். அம்மையார் முதலில் பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தனர். போஸ் அம்மொழியை முன்னரே நன்கறிந்திருந்தும், அதனை எடுத்துச் சொல்ல நாணி வாளா இருந்துவிட்டார்! கடிதத்தில் இருந்த துணிவு நேரிற் கூச்சமாய் மாறிற்று. பின்னர் மோரிஸ் த பிராய் என்பாரின் ஆய்வகத்தில் எக்ஸ் கதிர்த் தொழிலைப் பயின்றார். 1925-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெர்லின் சென்று ஐன்ஸ்டீனை நேரிற் கண்டு அளவளாவினார்.

1926-ஆம் ஆண்டில் தாயகம் மீண்டபோது பேராசிரியர் பதவி அவர்முன் இருந்தது. ஆயின் அதற்குரிய டாக்டர் பட்டம் அவரிடம் இல்லை. உலகத்தார் அவர் பெயரால் ஒரு சாஸ்திரப் பகுதியையே வழங்கத் தொடங்கியிருந்தும், பட்டத்தாள் ஒன்று குறைந்திருந்தது! ஐன்ஸ்டீனின் பரிந்துரை உதவ, முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட மற்றோர் அறிஞர் மறுத்துவிட, அப்பதவி இவரை வந்தடைந்தது.

நம் நாட்டுத் தொடர்பு

டாக்காவில் அவருடன் பணிபுரிந்தோருள் ஒருவர் நம்மவர் என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். வத்திராயிருப்பிற் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள் 1928-ஆம் ஆண்டின் இறுதியில் டாக்கா சென்று, 1933-ஆம் ஆண்டு வரை அங்கே ரீடராய் விளங்கினர். இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது சர் சி. வி. இராமனுக்குத் துணைநின்றவர் இவரே. படிகங்களின் காந்தத் தன்மையை டாக்காவில் இவர் ஆராய்ந்தனர். மிஷன் கல்லூரிகளிற் பயின்ற தமிழர் ஒருவரும் வங்கத்து மேதையும் ஒரே கூரையின்கீழ்த் தொண்டாற்றினர் என்னும் செய்தி நம் கல்லூரிச் சுவர்களுக்கும் சிறிது பெருமை தருவதாம். 1929-ஆம் ஆண்டில் இந்திய விஞ்ஞானப் பேரவை சென்னையிற் கூடியபோது, பௌதிகப் பகுதிக்குத் தலைமை தாங்கியவரும் போஸ் அவர்களே.

விதையும் விருட்சமும்

போஸ் இட்ட விதை பின்னர் எங்ஙனம் தழைத்தது என்பதைச் சுருங்கக் கூறுவோம். 1938-ஆம் ஆண்டில், மிகக் குளிர்ந்த ஹீலியம் திரவம் சிறிதும் உராய்வின்றி நுண்ணிய துவாரங்களின் வழியே ஓடுவதை அறிஞர் கண்டனர். மிகுபாய்மம் எனப்படும் இந்நிலைக்குப் போஸ்-ஐன்ஸ்டீன் திரட்சியே காரணமெனப் பிரிட்ஸ் லண்டன் என்பார் அவ்வாண்டிலேயே எடுத்துரைத்தார். வாயுவிலேயே அத்திரட்சியைக் காண்பதற்கு 1995-ஆம் ஆண்டு வரை உலகம் காத்திருந்தது. அமெரிக்காவின் போல்டர் நகரில் கார்னெல், வீமன் என்னும் இருவர் ரூபிடிய அணுக்களைக் குளிரச் செய்து அதனைக் கண்டனர். ஒரு பாகை உஷ்ணத்தைப் பத்துக் கோடிக் கூறாக்கினால், தனிச்சுழி நிலைக்கு மேல் அவற்றுள் 17 கூறளவே அவ்வாயுவின் வெப்பம். அவ்விருவர்க்கும், சோடியத்தில் அதனைக் கண்ட கெட்டர்லே என்பார்க்கும் 2001-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிட்டியது. விதையிட்டவர்க்கோ அப்பரிசு என்றும் கிட்டவில்லை.

உலகத்துத் துகள்கள் இருவகைப்படும். ஒன்றுகூடி ஒரே நிலையில் வாழும் இயல்பின போஸான்கள். இப்பெயரைப் போஸின் நினைவாக இட்டவர் ஆங்கில அறிஞர் டிராக். ஒன்றிருந்த இடத்தில் மற்றொன்று புகாதவை பெர்மியான்கள், எலெக்டிரான் இவ்வினத்தது. கூடிவாழாத பெர்மியான்களும் இரண்டிரண்டாய் இணைந்துவிடின் போஸான்களைப்போல் ஒழுகி, மிகுபாய்மமாகும். பகையினரும் இணைந்தால் பண்பு மாறுவர் போலும்!

இவ்விணைவைப் புதுமுறையிற் காணும் முயற்சி இந்நூற்றாண்டில் நடைபெறுகின்றது. சில மூலக்கூறுகளின் ஒரு முனையில் நேர்மின்னும் மறு முனையில் எதிர்மின்னும் சற்று மிகுந்திருக்கும். அவற்றை மின்புலத்தால் நிமிர்ந்து நிற்கச் செய்யின், அருகருகே நிற்பன ஒன்றையொன்று விலக்கும். மேலும் கீழுமாய் நிற்பன ஒன்றையொன்று ஈர்க்கும். பொட்டாசியமும் ரூபிடியமும் சேர்ந்த இத்தகைய மூலக்கூறு வாயுவை 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மிகக் குளிர்ந்த நிலையிற் படைத்தனர். அம்மூலக்கூறுகள் நெருங்கின் ரசாயன மாற்றமுற்று அழிந்தன. லேசர் ஒளியால் அவற்றை அடுக்கடுக்கான மெல்லிய தட்டுக்களில் அடைத்தபோது, அருகிருப்பவை விலகியே நின்றமையால் அழிவு குறைந்தது. இது 2011-ஆம் ஆண்டுச் செய்தி. ஓரடுக்கிற்கும் மற்றோரடுக்கிற்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. இத்தகைய பெர்மியான் மூலக்கூறுகள் இரண்டடுக்கில் இருப்பின், மேலடுக்கில் உள்ளது கீழடுக்கில் உள்ளதனோடு இணைந்து மிகுபாய்மமாகும் எனக் கொள்கையறிஞர் 2010-ஆம் ஆண்டிலேயே கணித்துரைத்தனர். சோடியமும் சீசியமும் சேர்ந்த மூலக்கூறுகள் போஸ்-ஐன்ஸ்டீன் திரட்சி எய்தியதை நியூயார்க் நகரத்து அறிஞர் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூறாண்டுக்கு முன் டாக்கா வகுப்பறையில் எழுந்த ஐயம் இத்துணைத் தொலைவு சென்றுள்ளது.

இப்பகுதியை எழுதும்போது யாம் பெரிதும் இடர்ப்பட்டோம். பௌதிக வகுப்பிற் பயிலும் நண்பர் ஒருவரே எமக்கு இதனை விளக்கினர். அவருடைய பாட்டனார் இளமையில் சலாபத்தில் தோணியேறியவர். அம்முதியவரும் அப்போது திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுக்கில் இணையும் மூலக்கூறுகளைப் பற்றிக் கேட்டவுடன், குளியாளும் தோணியில் நின்று கயிறு பிடிப்பவரும் அவ்வாறுதாம் என்றனர் அப்பெரியவர். ஒருவர் கடலின் அடித்தட்டில். மற்றவர் நீர்மட்டத்தின் மேல். ஒருவர் முகத்தை ஒருவர் காணார். இடையே கயிறு ஒன்றே தொடர்பு. கயிறு அசைந்த அளவில் மேலிருப்பவர் இழுத்தல் வேண்டும். பிந்தினால் கீழிருப்பவர் உயிர் போம். அதனாற்றான் மைத்துனன் கையிலேயே கயிற்றைக் கொடுப்பது வழக்கம். தன் உடன்பிறந்தாள் தாலியை அவன் மறவான் என்றும் கூறினர். பின்னர், அம்மூலக்கூறுகளின் கயிறு எதனால் அறும் என்றொரு வினாவையும் எழுப்பினர். வெப்பம் மிகுந்தால் அறும் என்றார் நண்பர். பெரியவர் தலையசைத்தார். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத அம்முதியவர், ஆராய்ச்சியாளர் கேட்கும் வினாவையே தமிழிற் கேட்டுவிட்டார் என நண்பர் பின்னர் எம்மிடம் வியந்தனர்.

தாய்மொழித் தொண்டு

தமிழ் பயில்வோர்க்குப் போஸின் வரலாறு ஏன் என்னும் வினாவிற்கு இப்பொழுது விடை கூறுவோம். 1945-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு மீண்ட போஸ் அவர்கள், 1948-ஆம் ஆண்டில் வங்காள விஞ்ஞானக் கழகத்தை நிறுவினார். ஞானமும் விஞ்ஞானமும் எனப் பொருள்படும் பெயருடன் வங்க மொழித் திங்களிதழ் ஒன்றும் அதன்வழி வெளிவந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளில் வல்லவராயிருந்தும், தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பித்தல் இயலாதென்பாரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அங்ஙனம் கூறுவோர் ஒன்று தாய்மொழியை அறியார்; இன்றேல் விஞ்ஞானத்தை அறியார் என்பது அவர் கருத்து. 1962-ஆம் ஆண்டில் ஜப்பான் சென்றபோது, அந்நாட்டறிஞர் ஆழ்ந்த பொருள்களையும் தம் மொழியிலேயே ஆராய்வதைக் கண்டு, தம் கொள்கையில் மேலும் உறுதிபெற்றார். கவியரசர் தாகூர் 1937-ஆம் ஆண்டில் தாம் வங்க மொழியில் இயற்றிய உலக அறிமுகம் என்னும் விஞ்ஞான நூலை இவருக்கே உரிமையாக்கினார்.

நம் கடற்கரைக்கு இக்கருத்துப் புதிதன்று. முத்துக்குளித்துறை மக்களிடையே தொண்டாற்றிய பாதிரியார் அன்றிக் அடிகளார், தாம் பிறந்த போர்த்துகல் மொழியை விடுத்து, மக்கள் பேசிய தமிழைக் கற்றனர். அவர்தம் தம்பிரான் வணக்கம் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறியது. வேத சத்தியங்களை மக்கள்தம் மொழியிலேயே கூறல் வேண்டுமென அவர் கருதினர். நானூற்றைம்பது ஆண்டு கழிந்தும், இயற்கையின் சத்தியங்களைத் தமிழிற் கூறல் இயலுமோ என நாம் ஐயுறுகின்றோம். விஞ்ஞான மாணவர் தமிழைத் தமக்குரியதன்றெனத் தள்ளுகின்றனர். தமிழ் மாணவராகிய யாமும் விஞ்ஞானத்தை எமக்குரியதன்றென ஒதுக்குகின்றோம். இருசாராரும் அருகருகே நின்று ஒருவரையொருவர் விலக்கும் அம்மூலக்கூறுகள் போல்வேம். இணையும் வழியைத் தேடினோமில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த அம்முதியவர் எமக்கு நாணத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே தந்தார்.

இயல்பும் இறுதியும்

போஸ் அவர்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் மிகச் சிலவே. அதனைக் குறையெனக் கூறுவோரும் உளர். ஆயின் அவர் நேரமெல்லாம் பிறருக்கே செலவாயிற்று. ரசாயனம், தாவரம், வரலாறு, மொழி என எத்துறை மாணவர் ஐயத்தோடு வந்தாலும் அவர் வாயில் திறந்தே இருந்தது. எஸ்ராஜ் என்னும் நரம்பிசைக் கருவியை இனிது வாசிப்பார். பூனைகளை அன்போடு வளர்ப்பார். டிராக் தம் மனைவியாருடன் கல்கத்தா வந்திருந்தபோது, விருந்தினர்க்குக் காரின் பின்னிருக்கையை விடுத்து, மாணவர் சிலரையும் ஏற்றிக்கொண்டு தாம் முன்னிருக்கையில் நெருங்கி அமர்ந்தாராம். இடம் போதுமோ என விருந்தினர் கவலையுற, தம் கணக்குப்படி கூட்டமாய் இருப்பதே இயல்பென்று போஸ் நகைத்தனர் என்பர்.

1952-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இராஜ்ய சபையில் வீற்றிருந்தார். 1954-ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1956-ஆம் ஆண்டில் விசுவபாரதியின் துணைவேந்தரானார். இலண்டன் ராயல் சொஸைட்டி 1958-ஆம் ஆண்டிலேதான் அவரை உறுப்பினராக ஏற்றது. மறு ஆண்டில் தேசியப் பேராசிரியர் என்னும் பதவி அவரை நாடி வந்தது. 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், எண்பதாண்டு நிரம்பிய முதுமையில், கல்கத்தாவில் இறைவனடி சேர்ந்தார்.

நல்ல முத்துக்களைத் தேடித் திரிந்த வணிகன் ஒருவன், விலையுயர்ந்த முத்தொன்றைக் கண்டபோது தனக்குண்டான எல்லாவற்றையும் விற்று அதனைக் கொண்டான் என நம் ஆண்டவர் உவமை கூறினார். போஸ் அத்தகைய முத்தொன்றைக் கண்டவர். ஆயின் அதனைத் தமக்கென்று செப்பிலிட்டுப் பூட்டினாரல்லர். உலகத்துக்கு ஒன்றும் தம் மொழியினர்க்கு ஒன்றுமாகப் பகிர்ந்தளித்தார். முத்து விளையும் கடலின் கரையில் வாழும் நாமும், கற்றதனைக் கல்லாதார்க்கு அவர்தம் மொழியிலேயே எடுத்துரைக்கும் கடமையை மேற்கொள்வோமாக. குளியாளின் கயிறு மேலிருப்பவர் கையில் உளது. கல்லூரியேறிய நம் கையிலும் அத்தகைய கயிறொன்று கொடுக்கப்பட்டுள்ளது. அது அசையும்போது நாம் உறங்காதிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.